பணிப்பிரிவு: ஹெல்பர்

விளம்பரம் மூன்று முறை போட்டாயிற்று.
'காற்றுக்கசிவுச் சோதனை தெரிந்தவர்,
வெப்பத்தடுப்புப் பலகை பதிக்கத் தெரிந்தவர்,
சான்றிதழ் அவசியம்.'
தொண்டி பேருந்து நிலையத்தில் ஒட்டிய தாளில்
ஆடு கடித்தது போக மிச்சம்: 'அவசியம்.'

கட்டுவது மாளிகை இல்லை.
கடல் கேட்கிற தூரத்தில் ஒரு சுகாதார நிலையம்,
அதற்குள் ஒரு தடுப்பூசி அறை.
மின்சாரம் போனாலும் பத்து மணி நேரம்
குளிர் வெளியே போகக் கூடாது.
வரைபடத்தில் போகவில்லை.
வரைபடம் புனேயில் உட்கார்ந்து போட்டது,
அதில் காற்றுக்கு ஒரே ஓர் அம்பு.
இங்கே கச்சான் ஒரு பக்கம் மணலை எறியும்,
வாடை மறுபக்கம் ஈரத்தைக் கொண்டுவந்து தேய்க்கும்.
கொண்டலுக்கு எந்தச் சன்னல் என்று
மென்பொருளிடம் கேட்க வழியில்லை.

நான் பசுமைக் கட்டடத் தேர்வில்
நூற்றுக்கு எண்பத்தேழு வாங்கியவள்.
பரமக்குடிக்காரி. கரணையைக் கையில் பிடித்ததில்லை.

மூன்றாவது விளம்பரத்துக்கு ஒருவர் வந்தார்.
சீனி உதுமான், நம்புதாளை, வயது நாற்பத்தாறு.
உறைக்குள் பாஸ்போர்ட் நகல், கத்தார் அட்டை,
பதினோரு வருடம், பணிப்பிரிவு: ஹெல்பர்.
என்ன வேலை செய்தீர்கள் என்றேன்.
'ஏசி குழாய்க்குச் சட்டை போடுறது, மேடம்.
கதவு இடுக்கு அடைக்கிறது.
பெரிய ஃபேனை வாசல்ல மாட்டி
கட்டடத்தை ஊதிப் பாக்குறது.'
ஊதிப் பார்ப்பது.
என் பாடப்புத்தகத்தில் அதற்குப் பதினான்கு பக்கம்.

பயிற்சித் திட்டத்தில் அவரைச் சேர்க்க
ராமநாதபுரம் போனேன்.
வயது வரம்பு முப்பத்தைந்து என்றார் அலுவலர்.
நல்லவர்தான், டீ வாங்கிக் கொடுத்தார்,
முப்பத்தைந்துக்குக் கீழே உள்ளவர்கள் பட்டியலும் கொடுத்தார்.
ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டேன்.
ஒன்று தம்மாமில் அடித்தது,
ஒன்று மஸ்கட்டில்.
ஒரு பையன் எடுத்தான், திருப்பூர் பனியன் கம்பெனி.
'கட்டட வேலைன்னா பொண்ணு தர மாட்டாங்கக்கா.'

சித்தாள் ரோக்குமேரி காரங்காட்டிலிருந்து
ஆறரை பஸ்ஸில் வருகிறாள்.
பத்தொன்பது வருடமாகக் கலவை,
கொத்தனார் கூலியில் பாதி, அதற்கு மேல் கொஞ்சம்.
போன மாதம் வந்த தண்ணி லாரியில்
ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து,
துப்பி, லாரியைத் திருப்பி அனுப்பினாள்.
'கம்பியத் தின்னுரும்.'
மாதிரி எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன்.
அறிக்கை இன்னும் வரவில்லை.

சோதனைக் கருவியை வாடகைக்குக் கேட்டால்
சென்னைக்காரர்கள் ஒரு நாளைக்குச் சொன்ன தொகையில்
நான்கு கதவு வாங்கிவிடலாம்.
உதுமான் மீன் ஏலக் கூடத்திலிருந்து
பெரிய மின்விசிறி ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.
பிளைவுட்டில் வட்டம் வெட்டி வாசலில் பொருத்தி
ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்தார்.
அறை முழுக்க ஏர்வாடி வாசம்.

விசிறி அறையின் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள,
அவர் சுவரோரம் நடந்தார், மூச்சைப் பிடித்தபடி.
புகை நூல் மாதிரி எழுந்தது.
கதவுச் சட்டம், நேர்.
ஒயர் நுழையும் துளை, நேர்.
வடகிழக்கு மூலையில் மட்டும்
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிச் சாய்ந்தது.
அந்த மூலை சரி என்று
போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டது
நான்.

ரோக்குமேரி கட்டைவிரலால் பசையை அழுத்தினாள்.
புகை நிமிர்ந்தது. அப்புறம் யோசித்து
மறுபடி கொஞ்சம் சாய்ந்தது.
'இன்னும் இருக்கு.'
பத்தி முடிந்துவிட்டது. கடையும் பூட்டியாயிற்று.

இரவு கூலிப் பதிவேடு எழுதினேன்.
திறன் நிலை என்றொரு கட்டம்:
உள்ளவர், ஓரளவு உள்ளவர், அற்றவர்.
இரண்டு பெயருக்கும் முதலாவதில் குறியிட்டேன்.
அடுத்த கட்டம் சான்றிதழ் எண் கேட்டது.
அதை அப்படியே விட்டேன்.

கணக்கர் போன் செய்தார்.
'இந்த மாசம் ஹெல்பர் யாரையுமே காட்டலையே, மேடம்?'

நாளை காலை வடகிழக்கு மூலை இருக்கிறது.
அவர் விசிறியைப் பார்ப்பார், அவள் பசையைப் பார்ப்பாள்.
பத்தியை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.